வரம்பு காக்கும் மென்பொருள்

வவுனியாவிலிருந்து கண்டி வீதியில் வடக்கு நோக்கிச் செல்வோர் ஓமந்தையைக் கடந்தபின் புளியங்குளச் சந்தியை அடைவர். அங்கிருந்து கிழக்கே பிரியும் வீதி நெடுங்கேணிக்கும் அப்பால் முல்லைத்தீவுக்கும் செல்கிறது. 1990ஆம் ஆண்டில் நின்றுபோன புகையிரதம் 2013ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் மீண்டும் கிளிநொச்சிவரை ஓடத் தொடங்கியது. சந்திக் கடையில் தேநீர் அருந்தும் கமக்காரரின் சட்டைப்பையில் இன்று கைத்தொலைபேசி ஒன்று இருக்கிறது. கனடாவிலுள்ள மகள் அனுப்பிய பணம் வங்கிக்கு வந்து சேர்ந்துவிட்டது என்ற செய்தி அதில்தான் வருகிறது. உரத்துக்கும் விதைநெல்லுக்கும் அப்பணத்தைக் கொடுக்கும் கட்டளையும் அதிலிருந்தே போகிறது. விரலை வைத்தால் அது திறக்கிறது. வைக்கப்பட்ட விரல் அவருடையதுதான் என்று தீர்மானிப்பது யார்?

வங்கியன்று, தொலைபேசியின் திரையில் தோன்றும் செயலியுமன்று. உரியவர் ஒருநாளும் கண்ணாற் காணாத மென்பொருள் ஒன்றே அத்தீர்மானத்தைச் செய்கிறது. மின்விசையை அழுத்தியவுடன், அன்ட்ரொயிட் முதலிய இயக்க முறைமைகள் கண்விழிப்பதற்கு முன்னரே விழித்தெழுவது அது. வன்பொருளோடு ஒட்டி நிலைத்து நிற்பது பற்றி அதனை நிலைபொருள் என்பர். ஆங்கில வழக்கில் ஃபேம்வெயர் என்று வழங்கும். கதவுகளின் திறவுகோல்களெல்லாம் அதன் கையில் உள. நினைவகத்திலுள்ள படங்களையும் கடிதங்களையும் பூட்டிவைக்கும் மறைக்குறியீட்டுச் சாவி, விரல் ரேகையின் பதிவு, பணக் கொடுப்பனவுக்கு ஒப்பமிடும் சாவி ஆகியன அங்கேயே காக்கப்படுகின்றன.

கைத்தொலைபேசிகளுட் பெரும்பாலானவற்றின் மூளையாகிய சில்லு, ஆர்ம் என்னும் நிறுவனத்தின் வடிவமைப்பைத் தழுவியது. அந்நிறுவனம் இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் டிரஸ்ட் ஸோன் என்றொரு முறையை அமைத்தது. ஒரே சில்லு இரண்டு உலகங்களில் மாறி மாறி வாழ்கிறது என்பதே அம்முறையின் சாரம். ஒன்று இயல்பு உலகம். விளையாட்டும் செய்தியும் வங்கிச் செயலியும் அங்கே நடமாடும். மற்றொன்று காப்பு உலகம். காப்பு உலகுக்கு உரியதென்று குறியிடப்பட்ட நினைவகத்தை இயல்பு உலகிலுள்ள எந்த மென்பொருளும் தொட இயலாது, வன்பொருளே தடுத்துவிடும். இஃது ஒரு நல்ல மதில் என்பதில் ஐயமில்லை.

ஆயின், மதிலுக்கு உள்ளே நிலைமை வேறு. நெடுங்காலமாக அங்கே இருந்தது ஒரே மண்டபம். சில்லைச் செய்தவரின் நிரல், தொலைபேசியைச் செய்தவரின் நிரல், திரைப்படங்களைப் பிரதிசெய்யாது காக்க விரும்பும் நிறுவனத்தின் நிரல், பணக் கொடுப்பனவுக்கான நிரல் ஆகிய யாவும் ஒரே காப்பு இயக்க முறைமையின் கீழ் அம்மண்டபத்திற் குடியிருந்தன. இவற்றிடையே சுவர்கள் உண்டு. ஆனால் அச்சுவர்களைக் கட்டியதும் காத்ததும் அவ்வொரே இயக்க முறைமைதான். அது வீழ்ந்தால் எல்லாம் வீழும்.

இது வெறும் அச்சமன்று. 2016ஆம் ஆண்டில் கால் பெனியாமினி என்னும் ஆராய்ச்சியாளர், குவால்கொம் சில்லுகளின் காப்பு உலகை ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரைகள் இதனை ஐயமற நிறுவின. அவர் முதலிற் கண்ட பிழை, திரைப்படங்களைக் காக்கும் நிரலில் இருந்தது. அப்பிழையின் வழியே உள்ளே நுழைந்து, காப்பு இயக்க முறைமையிலிருந்த மற்றொரு பிழையால் அதனைத் தம் வயப்படுத்தினார். அதன்பின், தொலைபேசி முழுவதையும் பூட்டும் சாவியைக் காக்கும் நிரலின் இரகசியமும் அவருக்குக் கிட்டியது. அவ்விரு பிழைகளும் திருத்தப்பட்டுவிட்டன. ஆனால் ஒரு பாடம் எஞ்சியது. படக் கொட்டகைக்காரரின் அறையில் ஏற்பட்ட ஓட்டை, வீட்டுக்காரரின் பெட்டகத்துக்கு வழியாயிற்று. இரண்டும் ஒரே கூரையின் கீழ் இருந்தமையே காரணம்.

இதற்குப் பரிகாரமாக வந்ததே ஹைப்பர்வைசர். இயக்க முறைமையை முற்காலக் கணினியாளர் மேற்பார்வையாளர் என்று அழைத்தனர். அம்மேற்பார்வையாளருக்கும் மேலே நின்று பார்ப்பது என்ற பொருளில் இப்பெயர் எழுந்தது. எண்ணம் புதிதன்று. 1960களில், அறையளவு பருமனான ஐ.பி.எம். கணினிகளை ஒரே வேளையில் பலர் தத்தமக்குத் தனிக் கணினி இருப்பதுபோலப் பயன்படுத்த வேண்டியிருந்தபோதே இவ்வழி காணப்பட்டது. பின்னர் 2003இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஸென் என்பதும், 2007இல் லினக்ஸ் கருவினுள்ளேயே கே.வி.எம். என்பதும் எவரும் எடுத்துப் பார்க்கத்தக்க திறந்த மூல மென்பொருள்களாக வெளிவந்தன. அவை பெரிய கணினிகளுக்கென எழுந்தவை. சட்டைப்பைக் கணினியின் நிலைபொருளுக்குள் அதே கருத்து வந்து சேர மேலும் சில ஆண்டுகள் சென்றன.

ஹைப்பர்வைசர் செய்யும் வேலை யாதென்பதை விளங்கிக்கொள்ள வன்னியின் குளங்களே போதும். ஒரு குளத்தின் கீழ்ப் பல வயல்கள் இருக்கின்றன. குளத்து நீர் ஒன்றே. ஆனால் கமக்காரர் பலர். ஒவ்வொருவரும் அலைகரையில் ஏறித் தாமே துருசைத் திறப்பதென்றால் ஒரு போகத்தில் ஊரே பகையாகிவிடும். ஆதலாற் பயிர்ச்செய்கைக் கூட்டம் கூடி, எந்த வாய்க்காலுக்கு எப்போது நீர் என்று முடிவு செய்கிறார்கள். அம்முடிவின்படி துருசைத் திறப்பவர் வட்டவிதானையார். அவர் எவருடைய வயலையும் உழுவதில்லை. எவர் என்ன நெல் விதைத்தார் என்று கேட்பதுமில்லை. வரம்பு காக்கப்படுகிறதா, ஒருவர் பங்கை மற்றவர் எடுக்கிறாரா என்பது மட்டுமே அவர் கவலை. இவ்வாறே, ஹைப்பர்வைசர் தன் கீழுள்ள ஒவ்வொரு பிரிவுக்கும் நினைவகத்தில் ஒரு பங்கை அளந்து கொடுக்கிறது. அப்பிரிவு என்ன கணக்குப் போடுகிறது என்பது அதன் கவலையன்று.

அளந்து கொடுக்கும் முறை நுட்பமானது. ஒவ்வொரு பிரிவும் தனக்குக் கிடைத்த நினைவகத்தையே முழு உலகமாக எண்ணுகிறது. அது ஓர் இலக்கத்தைச் சொல்லி அவ்விடத்தைப் படிக்க முற்படும்போது, ஹைப்பர்வைசர் எழுதிவைத்த அட்டவணையைச் சில்லே பார்த்து, அவ்விலக்கம் உண்மையில் எந்த இடத்தைக் குறிக்கிறதென்று மாற்றிக்கொள்கிறது. கமக்காரர் ‘என் மூன்றாம் வயல்’ என்கிறார். அது காணிப் படத்தில் எத்தனையாம் துண்டு என்பது விதானையாரின் ஏட்டில் இருக்கிறது. அட்டவணையில் இல்லாத இடத்தை ஒரு பிரிவு கேட்டால் ஒன்றும் கிடைக்காது. பிழை என்ற விடையே வரும். பிறன் வயல் எங்கே இருக்கிறதென்பதைக்கூட அப்பிரிவு அறிய வழியில்லை.

ஆர்ம் நிறுவனம் 2011இல் வெளியிட்ட எட்டாம் பதிப்பு அமைப்பில் அதிகாரப் படிகள் நான்கு. கீழ்ப்படியிற் செயலிகள், அடுத்ததில் இயக்க முறைமை, அதற்கு மேலே ஹைப்பர்வைசர், உச்சியில் இரு உலகங்களுக்கும் இடையிலான வாயிலைக் காக்கும் நிலைபொருள். விந்தை யாதெனின், ஹைப்பர்வைசருக்கான மூன்றாம் படி இயல்பு உலகில் மட்டுமே இருந்தது. மிகுந்த காவல் வேண்டிய காப்பு உலகில் அப்படியே இல்லை. 2017இல் அறிவிக்கப்பட்ட 8.4ஆம் பதிப்பே அக்குறையை நீக்கியது. படி வந்தபின் அதில் நிற்பதற்கு ஆள் வேண்டுமன்றோ? அவ்விடத்துக்கு வந்தவற்றுள் ஒன்று ஹாஃப்னியம்.

ஹாஃப்னியம் என்பது முதலில் ஓர் உலோகத்தின் பெயர். 1923இல் கோபன்ஹேகன் நகரிற் கண்டறியப்பட்டு, அந்நகரின் இலத்தீன் பெயரைப் பெற்றது. அணு உலைகளில் நியூத்திரன்களை விழுங்கி எதிர்வினையைக் கட்டுக்குள் வைக்கும் கோல்களுக்கு உதவுவது. அப்பெயரைத் தாங்கிய மென்பொருள் கூகிள் நிறுவனத்திற் பிறந்தது. 2020இல், ஆர்ம் சில்லுகளுக்கான திறந்த நிலைபொருளைப் பலர் கூடிப் பேணும் டிரஸ்டட் ஃபேம்வெயர் என்னும் பொதுத் திட்டத்திடம் அது ஒப்படைக்கப்பட்டது. இன்று அத்திட்டத்தில், காப்பு உலகின் பிரிவுகளை ஆளும் முன்மாதிரி ஹைப்பர்வைசராக அது விளங்குகிறது. படத்தைக் காக்கும் நிரலை ஒரு பிரிவிலும் சாவியைக் காக்கும் நிரலை வேறொரு பிரிவிலும் அது இருத்தக்கூடும். முன்னதில் ஓட்டை விழுந்தாலும், அதனால் மட்டும் பின்னதன் சுவர் இடியாது.

இதன் அமைப்பில் ஒரு கூறு தனித்துக் குறிப்பிடத்தக்கது. எந்தப் பிரிவு எப்போது ஓடவேண்டும் என்பதை ஹாஃப்னியம் தானே தீர்மானிப்பதில்லை. அப்பொறுப்பு பெரும்பாலும் இயல்பு உலகிலுள்ள லினக்ஸிடம் விடப்பட்டிருக்கிறது. வட்டவிதானையார் உவமை இவ்விடத்தில் நில்லாது. அவர் நீரின் நேரத்தையும் அளப்பவர், ஹாஃப்னியமோ வரம்பை மட்டும் காப்பது. நம்பத்தகாத இயல்பு உலகிடம் நேரத்தை ஒப்படைக்கலாமா என்று கேட்போர் வினவக்கூடும். விடை எளிது. லினக்ஸ் கெட்டுப்போனால் அது காப்புப் பிரிவுக்கு நேரம் கொடாமற் போகலாம். அதனால் வேலை நின்றுவிடும். ஆனால் அப்பிரிவின் இரகசியத்தைப் படிக்க அதனால் இயலாது. பணம் அனுப்ப முடியாமற்போவது ஒரு தொல்லை; பணம் களவுபோவது வேறு. இத்தொல்லையை ஏற்றுக்கொண்டதனால், நேரம் பங்கிடும் சிக்கலான நிரல் முழுவதும் ஹைப்பர்வைசரிலிருந்து நீங்கிற்று. நிரல் சிறுத்தாற் பிழைக்கு இடமும் சிறுக்கும்.

பிரிவுகள் ஒன்றோடொன்று பேசவே கூடாதென்றால் பயனில்லை. விரல் ரேகையைப் பார்க்கும் பிரிவு, பணம் அனுப்பும் பிரிவுக்கு ‘ஆம்’ என்று சொல்ல வேண்டும். அதற்கான மொழியை ஆர்ம் நிறுவனம் ஒரு விதிநூலாக வகுத்திருக்கிறது. நினைவகத்தைப் பிறருக்குக் கொடுக்க அதில் மூன்று முறைகள் உள: கொடை, இரவல், பங்கு. கொடையாகக் கொடுத்தால் உரிமையே மாறிவிடும். இரவலாகக் கொடுத்தால், திரும்பி வரும்வரை கொடுத்தவராலும் அதனைத் தொட இயலாது. பங்காகக் கொடுத்தால் இருவரும் பார்க்கலாம். இரவலைத் திருப்புமுன் எழுதியதையெல்லாம் துடைத்துவிடுமாறு கேட்கவும் விதியுண்டு. இவை ஒவ்வொன்றும் ஹைப்பர்வைசரின் அட்டவணையில் ஒரு மாற்றமாகப் பதியும். இருவர் தம்முள் இரகசியமாக உடன்பட்டு அட்டவணைக்குப் புறம்பே கொடுத்து வாங்க வழியில்லை.

எனினும் இதனைச் சர்வரோக நிவாரணி என்று எவரும் எண்ணவேண்டா. குளத்துக்கு ஒழுங்கான துருசு இருக்க, ஒருவர் அலைகரையின் மேல் நீரிறைக்கும் பம்பை வைத்துக் குழாயைக் குளத்திலேயே இறக்கினால் விதானையார் என்ன செய்வார்? தொலைபேசியிலுள்ள சில கருவிகள், சில்லின் வழியே செல்லாமல் நினைவகத்தை நேரே எழுத வல்லவை. அவற்றின் குழாய்க்கும் ஒரு தடைவாயில் வன்பொருளில் இருந்தாலன்றி, ஹைப்பர்வைசரின் அட்டவணை பயன்படாது. அதற்கு மேற்படியிலுள்ள நிலைபொருள் கெட்டிருந்தாலும் இப்படியே. 2018 ஜனவரியில் வெளிப்பட்ட ஸ்பெக்டர் போன்ற குறைகள், சில்லின் வேகத்துக்காகச் செய்யப்பட்ட ஊகங்களின் வழியே இரகசியம் கசியும் என்று காட்டின. மென்பொருட் சுவரால் மட்டும் அவற்றை முற்றாகத் தடுக்க இயலாது.

நிற்க. இத்தகைய மென்பொருள் திறந்ததாய் இருக்கவேண்டுவது ஏன்? பூட்டின் அமைப்பை ஊரறியச் செய்யலாமா என்ற வினா இயல்பே. ஆனால் பூட்டின் வலிமை சாவியில் இருக்கவேண்டுமேயன்றி, அமைப்பை மறைப்பதில் இருத்தல் ஆகாது. 2016ஆம் ஆண்டுப் பிழைகள் மூடிய நிரல்களில் இருந்தவை. வெளியார் ஒருவர் நிரலைப் பிரித்துப் பார்த்தே கண்டுபிடிக்க நேர்ந்தது. திறந்த நிரலிற் பிழையே இராது என்பதன்று; பார்ப்பதற்கு எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை என்பதே வேற்றுமை. இலங்கைக்கு இவ்வழி புதிதன்று. 2004 டிசெம்பர் 26இல் ஆழிப்பேரலை முல்லைத்தீவு உட்படக் கரையோரங்களை அழித்தபோது, இந்நாட்டு நிரலாளர் சில வாரங்களுள் ஆக்கிய சஹானா என்னும் திறந்த மென்பொருள், காணாமற்போனோரையும் முகாம்களையும் பதிவு செய்ய உதவிற்று. பிற நாடுகளும் பின்னர் அதனை எடுத்தாண்டன.

புளியங்குளத்தின் தெற்கே, 2021 ஆகஸ்டில் தனிப் பல்கலைக்கழகமாக உயர்ந்த வவுனியாப் பல்கலைக்கழகம். வடக்கே கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம். இரண்டுக்கும் நடுவிலுள்ள ஊரிலிருந்து ஒரு மாணவியோ மாணவனோ இத்துறையிற் கால்வைக்க விரும்பினால் எங்கே தொடங்குவது? தம் கைத்தொலைபேசியில் அன்று. அதன் நிலைபொருள் உற்பத்தியாளரின் ஒப்பம் பெற்றது. வேறொன்றைப் பொதுவாக ஏற்காது. ஏற்கச் செய்ய முயன்றால் தொலைபேசி எழுந்திராமலே போகக்கூடும். வீட்டில் இருப்பது ஒன்றாயின் அது பெரும் இழப்பு. லினக்ஸ் நிறுவிய சாதாரண மடிக்கணினி ஒன்று போதும். கியூ-எமு என்னும் இலவச மென்பொருள், மடிக்கணினிக்குள்ளேயே ஓர் ஆர்ம் கணினி இருப்பதுபோல நடிக்க வல்லது. அதில் எதைக் கெடுத்தாலும் மூடித் திறந்தால் பழையபடி ஆகிவிடும்.

முதல் வேலை, ஹாஃப்னியத்தின் மூல நிரலை ‘கிட்’ என்னும் கருவியால் இறக்கிக்கொள்வது. அதனுடன் இணைந்த துணைக் களஞ்சியங்களையும் சேர்த்தே இறக்கும்படி கட்டளையிடவேண்டும். இதனை மறந்துவிட்டுக் கட்ட முற்பட்டு இடையில் நிற்பது தொடக்கக்காரர் பலருக்கும் நேர்வது. இறக்கம் சிறியதன்று, ஆதலால் தொலைபேசி டேட்டாவைச் செலவழிப்பதைவிட, நல்ல இணைப்புள்ள இடத்தில் ஒருமுறை இறக்கிப் பேனா வட்டில் எடுத்துவருவது சிக்கனம். அடுத்து, ஆவணங்கள் சொல்லும் கட்டுமானக் கருவிகளை நிறுவி, ‘மேக்’ என்ற ஒரு கட்டளையைக் கொடுத்தால், சிறிது நேரத்தில் ஹாஃப்னியம் ஓடத்தக்க கோப்பாக வெளிவரும். இதுவரை கடினம் ஒன்றுமில்லை.

கடினம் அதன்பின் வருகிறது. ஹைப்பர்வைசர் தனியே நின்று என்ன பயன்? அதன் கீழ் வாழ ஆட்கள் வேண்டும். முதற் பிரிவாக ஆர்ம் சில்லுக்கெனக் கட்டிய லினக்ஸ் கரு ஒன்றும், அதற்குத் துணையாக ‘பிஸிபொக்ஸ்’ என்னும் சிறு கருவித் தொகுதியும் போதும். இரண்டாம் பிரிவாக, வணக்கம் சொல்லிவிட்டு ஓயும் ஒரு சிறு நிரலை எழுதலாம். பிரிவுகளின் விவரங்களை ஓர் உரைக் கோப்பில் எழுதவேண்டும்: பெயர் யாது, எவ்வளவு நினைவகம், எத்தனை செயலி, எந்தக் கோப்பு. ஓமந்தைச் சோதனைச் சாவடியைக் கடந்து பயணம் செய்தவர்கள், பொதியில் இருப்பதும் பட்டியலில் எழுதியதும் ஒத்திராவிட்டால் என்ன நேரும் என்பதை நன்கறிவர். இங்கும் அப்படியே. இல்லாத நினைவகத்தைக் கேட்டால் அப்பிரிவு எழாது. பெயரில் ஓரெழுத்துப் பிழைத்தாலும் கோப்பு அகப்படாது. இவ்வுரைக் கோப்பை இயந்திரம் படிக்கும் வடிவுக்கு மாற்றி, எல்லாவற்றையும் ஒரே பொதியாகக் கட்டிக் கியூ-எமுவிடம் கொடுக்கவேண்டும். கொடுக்கும்போது, ஹைப்பர்வைசர் படியைத் திறந்துவைக்குமாறும், குறுக்கீடுகளைக் கையாளும் உறுப்பின் மூன்றாம் பதிப்பை வைக்குமாறும் அதற்குச் சொல்லவேண்டும். இவ்விரண்டில் ஒன்று விடுபட்டாலும் வேலை நடவாது. திரை வெறுமையாய் நின்றால் முதலிற் பார்க்கவேண்டியது இதனையே.

இது இயல்பு உலகின் மூன்றாம் படியிற் செய்யும் பயிற்சி. இது கைவந்தபின், ஆர்ம் நிறுவனம் இலவசமாக வழங்கும் மாதிரி இயந்திரத்தை எடுத்து, டிரஸ்டட் ஃபேம்வெயரின் மற்ற உறுப்புகளோடு சேர்த்து, காப்பு உலகின் படியிலேயே ஹாஃப்னியத்தை ஏற்றலாம். அவசரப்படாமற் செல்வது நன்று. உறுப்புகள் மிகுந்தால் எது பிழைத்தது என்பதைக் கண்டுபிடிப்பது அரிது.

எல்லாம் எழுந்து ஓடியபின் செய்யத்தக்க ஒரு சோதனை உண்டு. வணக்கம் சொல்லும் அச்சிறு நிரலில் ஒரு வரியைச் சேர்த்து, தனக்குக் கொடுக்கப்படாத நினைவக இடம் ஒன்றை வேண்டுமென்றே படிக்கச் செய்யவேண்டும். மீண்டும் கட்டி ஓடவிட்டால், ஹாஃப்னியம் திரையில் ஒரு வரியை எழுதும். எந்தப் பிரிவு, எந்தக் கட்டளையில் நின்றபோது, எந்த இடத்தைத் தொட முயன்றது என்ற விவரங்கள் அவ்வரியில் இருக்கும். அத்துமீறிய பிரிவுக்குப் பிழை என்ற விடை திரும்பும். பக்கத்துப் பிரிவிலுள்ள லினக்ஸ் ஒன்றும் நடவாததுபோல அடுத்த கட்டளைக்குக் காத்துக்கொண்டிருக்கும்.